ஸ்கூல் போர்டு தேர்தலில் ஒரு பெற்றோர் சுயேச்சையாக நின்றால்

ஜூலை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, மாலை 4 மணி. உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் குழுவான ஸ்கூல் போர்டுக்கு நியூ ஜெர்சியில் நவம்பரில் நடக்கும் தேர்தலுக்கு மனு கொடுக்க அதுதான் கெடு. மனுவில் இருக்க வேண்டியது உங்கள் பள்ளி மாவட்டத்தில் வாக்காளராகப் பதிவு செய்த சிலரின் கையெழுத்து. அவற்றில் ஒன்று உங்களுடையதாகவே இருக்கலாம். டெபாசிட் என்ற பேச்சே இல்லை. கட்சியில் சீட்டு கேட்டு யார் வீட்டு வாசலிலும் காத்திருக்க வேண்டாம். கல்வித் தகுதி என்று சட்டம் கேட்பது எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

இவ்வளவு எளிதாக நுழையக்கூடிய தேர்தல் அமெரிக்காவில் வேறு அதிகம் இல்லை. அதனால்தான் பிள்ளையின் பள்ளியில் ஏதோ ஒன்று சரியில்லை என்று மனம் கொதித்த அப்பாவோ அம்மாவோ, "நானே நின்றால் என்ன?" என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். யோசிக்கட்டும், நல்லதுதான். ஆனால் எப்படி நிற்பது என்பதைவிட, ஜெயித்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும், எதைச் செய்யவே கூடாது என்பதில்தான் பலருக்கும் தெளிவு இல்லை. இந்தக் கட்டுரை இரண்டையும் சொல்கிறது. இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கிறது.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியை வைத்தே விளக்குகிறேன். மற்ற மாநிலங்களை அங்கங்கே தொட்டுக்கொள்ளலாம்.

போர்டு என்பது யார், அவர்கள் கையில் என்ன இருக்கிறது

அமெரிக்காவின் பொதுப்பள்ளிகளை வாஷிங்டன் நடத்துவதில்லை. மாநில அரசும் நேரடியாக நடத்துவதில்லை. மாநிலம் முழுவதையும் ஒரே பள்ளி மாவட்டமாக வைத்திருக்கும் ஹவாய் மட்டும் விதிவிலக்கு. மற்ற இடங்களில் எல்லாம் பள்ளி மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்புதான் பள்ளிகளை நடத்துகிறது. நாடு முழுக்க 13,000-க்கும் மேல் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் மட்டும் சுமார் 600. மாவட்டம் என்றதும் செங்கல்பட்டு அளவுக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். பல பள்ளி மாவட்டங்கள் ஒரே ஓர் ஊர்தான். இரண்டு மூன்று பள்ளிகளோடு முடிந்துவிடுபவையும் உண்டு.

இந்தப் பழக்கம் நாடு பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸ் காலனி 1647-இல் சட்டம் போட்டது. பள்ளிக்கூடம் என்பது ஊர்ப் பொறுப்பு, ஊர்ச் செலவு என்ற எண்ணம் அன்றிலிருந்து வருகிறது.

நியூ ஜெர்சியின் வழக்கமான போர்டில் 9 பேர் இருப்பார்கள். பதவிக்காலம் 3 ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் மூன்று இடங்களுக்குத் தேர்தல் நடக்கும், ஆகவே ஒரே தேர்தலில் போர்டு முழுவதும் மாறிவிடாது. சம்பளம் கிடையாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

இந்த 9 பேர் என்ன செய்கிறார்கள்? சூப்பரின்டெண்டன்ட் என்ற தலைமை நிர்வாகியை நியமிக்கிறார்கள், ஆண்டுதோறும் அவருடைய வேலையை மதிப்பிடுகிறார்கள். பட்ஜெட்டை நிறைவேற்றுகிறார்கள். ஆசிரியர் சங்கத்துடன் ஊதிய ஒப்பந்தம் பேசுகிறார்கள். பாடத்திட்டம், பாடநூல், பேருந்து ஒப்பந்தம், விடுமுறை நாட்காட்டி, ஒழுங்கு விதிகள் எல்லாம் இவர்கள் வாக்களித்துத்தான் அமலுக்கு வரும். சில ஊர்களில் தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை, பக்கத்து ஊரில் இல்லை என்றால், அந்தந்த போர்டு அப்படி முடிவு செய்திருக்கிறது என்று பொருள்.

இதில் பட்ஜெட்டை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் வீட்டு வரி ரசீதில் அதுதான் பெரிய துண்டு. நியூ ஜெர்சியில் சொத்து வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. 2010-இல் வந்த சட்டப்படி, போர்டு வசூலிக்கும் வரித்தொகையை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. மாணவர் எண்ணிக்கை உயர்வு, மருத்துவக் காப்பீட்டுச் செலவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதற்கும் மேலே வேண்டுமென்றால் ஊர் மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தின் வரி வசூல் 10 கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதம் என்றால் 20 லட்சம் டாலர் கூட்டலாம். சம்பளத்துக்குப் போவது 7 கோடி, ஒப்பந்தப்படி ஊதிய உயர்வு 3 சதவீதம் என்றால் அதற்கே 21 லட்சம் வேண்டும். கூட்டின பணம் அத்தனையும் சம்பள உயர்வுக்கே போய், இன்னும் ஒரு லட்சம் துண்டு விழுகிறது. காப்பீட்டு பிரீமியம், பேருந்து டீசல், சிறப்புக் கல்வி எதையும் இன்னும் தொடவேயில்லை. "வரியையும் கூட்ட விடமாட்டேன், எல்லாப் பள்ளியிலும் ரோபோட்டிக்ஸ் லேபும் கொண்டுவருவேன்" என்று துண்டறிக்கையில் போடும் வேட்பாளர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்று தாராளமாக முடிவுசெய்யலாம்.

எல்லாருமே சுயேச்சை, அப்புறம் யார் சுயேச்சை?

நியூ ஜெர்சியில் ஸ்கூல் போர்டு வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் டெமாக்ரட், ரிபப்ளிகன் என்று எதுவும் வாக்குச்சீட்டில் இருக்காது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிகளுக்காக நடக்கும் உட்கட்சித் தேர்தலும் (பிரைமரி) இந்தப் பதவிக்கு இல்லை. நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெருநகரங்களின் கட்சிப் பெருந்தலைகள் ஆசிரியர் வேலையைத் தங்கள் ஆட்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் சீர்திருத்தவாதிகள் கட்சிப் பெயரைப் பள்ளித் தேர்தலிலிருந்து எடுத்தார்கள்.

காகிதத்தில் கட்சி இல்லை. ஊரில் இல்லை என்று சொல்ல முடியுமா? தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கட்சி சார்பற்றதுதான். பூட்டு, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான். ஆனால் பூட்டுக்குப் பின்னால் எந்தக் கட்சி, ஆட்டோவுக்குப் பின்னால் எந்தக் கட்சி என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். இங்கும் கதை கிட்டத்தட்ட அதேதான்.

நியூ ஜெர்சி சட்டம் வேட்பாளர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மனு கொடுப்பதை அனுமதிக்கிறது. அப்படிக் கொடுத்தால் வாக்குச்சீட்டில் அவர்கள் பெயர்கள் ஓர் அடைப்புக்குள் வரும். கூடவே கட்சி வாடை இல்லாத மூன்று சொல் முழக்கம் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டணிக்குத்தான் 'ஸ்லேட்' என்று பெயர். ஸ்லேட்டுக்குப் பின்னால் உள்ளூர் கட்சிக் கமிட்டி இருக்கலாம். ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு இருக்கலாம். 2021-இல் புளோரிடாவில் தொடங்கி நாடெங்கும் கிளை விட்ட மாம்ஸ் ஃபார் லிபர்ட்டி போன்ற பழமைவாதப் பெற்றோர் அமைப்பு இருக்கலாம், அல்லது அதற்கு எதிர் அணி இருக்கலாம். இப்படி எந்த அடைப்புக்குள்ளும் போகாமல், எந்தக் கமிட்டியின் பட்டியலிலும் இல்லாமல் தனிப்பெயராக நிற்பவரைத்தான் நடைமுறையில் சுயேச்சை என்கிறோம்.

மாநில எல்லையைத் தாண்டினால் இந்தச் சொல்லின் கனமே மாறிவிடும். டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் ஸ்கூல் போர்டு தேர்தல் கட்சி அடிப்படையில் நடக்கிறது. அதிலும் ஒரு விசித்திரம்: ஒரே வேட்பாளர் இரண்டு கட்சிகளின் உட்கட்சித் தேர்தலிலும் நிற்கலாம். கட்சி எதிலும் பதிவு செய்யாத சுயேச்சை மட்டும் தனி மனுவோடு நவம்பரில்தான் களத்துக்கு வர முடியும். புளோரிடாவில் போர்டு தேர்தலைக் கட்சித் தேர்தலாக்க 2024-இல் வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும், தேவையான 60 சதவீதம் கிடைக்காமல் அது தோற்றது. இண்டியானாவில் 2025-இல் வந்த சட்டம், விரும்பும் வேட்பாளர் கட்சிப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. சிகாகோவில் 2024 நவம்பர் வரை இப்படி ஒரு தேர்தலே இருந்ததில்லை. மேயர்தான் போர்டை நியமித்துக்கொண்டிருந்தார்.

கட்சி வேண்டாம் என்பதாலேயே ஒருவர் நல்ல வேட்பாளர் ஆகிவிடமாட்டார். சங்கமும் கட்சியும் ஆதரித்த உறுப்பினர் பட்ஜெட்டை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்கலாம். தனியாக வந்தவர் கூட்டத்துக்கே ஒழுங்காக வராமல் இருக்கலாம். தனியாக நிற்பதன் ஒரே தெளிவான ஆதாயம், ஜெயித்தபின் யாருக்கும் நன்றிக்கடன் இல்லை என்பது. ஒரே தெளிவான நஷ்டம், தேர்தலுக்கு முன் உங்களுக்காகக் கதவு தட்ட யாரும் இல்லை என்பது.

யார் நிற்கலாம், யார் என்ன செய்யக்கூடாது

அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தப் பள்ளி மாவட்டத்தில் குறைந்தது ஓராண்டு குடியிருந்திருக்க வேண்டும், அங்கேயே வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்டத்தோடு ஒப்பந்தத் தொழிலோ, மாவட்டத்துக்கு எதிராக வழக்குக் கோரிக்கையோ இருக்கக்கூடாது. பிள்ளை பொதுப்பள்ளியில் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிள்ளையே இல்லாதவரும் நிற்கலாம், ஏனென்றால் வரி அவரும் கட்டுகிறார்.

க்ரீன் கார்டிலோ எச்-1பி விசாவிலோ இருப்பவர் நிற்க முடியாது, வாக்களிக்க முடியாது, மனுவில் கையெழுத்தும் போட முடியாது. ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் முப்பது தமிழ்க் குடும்பம் இருந்தாலும், செல்லுபடியாகும் கையெழுத்துகளைத் தேடி அலைய வேண்டியிருப்பது இதனால்தான். தேவைக்கு மேல் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெரு வேறு பள்ளி மாவட்டமாக இருக்கும், வீடு மாறியவர் முகவரியை மாற்றியிருக்கமாட்டார், இப்படி இரண்டு மூன்று எப்படியும் உதிரும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் நன்கொடை. வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் தரக்கூடாது என்ற கூட்டரசுச் சட்டம் ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டுமல்ல, ஊர் ஸ்கூல் போர்டு தேர்தலுக்கும் பொருந்தும். க்ரீன் கார்டு இருந்தால் தரலாம். எச்-1பி, எச்-4, எல்-1, மாணவர் விசா என்றால் 20 டாலர்கூடத் தரக்கூடாது. "நம்ம ஊரு அண்ணன் நிக்கிறாரு" என்று வாட்ஸாப் குழுவில் வசூல் தொடங்கும்போது, யார் எந்த விசாவில் இருக்கிறார் என்பதைப் பார்க்காமல் பணத்தை வாங்கினால் சிக்கல் இரண்டு பக்கமும் வரும். பணம் தராமல், சம்பளம் வாங்காமல் கூடமாட உதவி செய்வதற்குத் தடை இல்லை. துண்டறிக்கை விநியோகிக்கலாம், அலுவலக வேலை பார்க்கலாம்.

அதேபோல் தமிழ்ச் சங்கம், வார இறுதித் தமிழ்ப் பள்ளி போன்றவை பெரும்பாலும் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள். அவை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக்கூடாது என்பது 1954 முதல் வரிச்சட்டத்தில் இருக்கிறது. எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் வைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் நடத்தலாம். ஒருவரை மட்டும் பொங்கல் விழா மேடையேற்றி "நம் வேட்பாளர்" என்று அறிவிப்பது வம்பு.

இன்னும் குடியுரிமை வாங்காத பெற்றோருக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் நல்ல வழி. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு போர்டு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுப்பார்கள். அங்கே பேச வாக்காளர் அட்டை தேவையில்லை. பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.விலும் விசா கேட்கமாட்டார்கள்.

வாக்கு கேட்பது

பெரும்பாலான மாவட்டங்கள் 2012-க்குப் பிறகு தேர்தலை ஏப்ரலிலிருந்து நவம்பருக்கு மாற்றிக்கொண்டன. நூவர்க் போன்ற ஒருசில ஊர்களில் இன்னும் ஏப்ரல்தான். நூவர்க்கில் 2025 முதல் 16, 17 வயதுப் பிள்ளைகளும் ஸ்கூல் போர்டுக்கு வாக்களிக்கிறார்கள். நவம்பருக்கு மாறியதில் வாக்களிக்க வருபவர்கள் கூடினார்கள். ஆனால் வந்தவர்களில் பலர் கவர்னர், செனட்டர் பெயர்களுக்கு வாக்குப் போட்டுவிட்டு, சீட்டின் கோடியில் இருக்கும் போர்டு வரிசையைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். உங்கள் முதல் எதிரி எதிர் வேட்பாளர் இல்லை, இந்த அசட்டைதான்.

தனியாக நிற்பவருக்கு ஒரு வசதி உண்டு. மூன்று இடத்துக்கு ஆறு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். வாக்காளர் மூன்று பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். மூன்றையும் கட்டாயம் போட வேண்டியதில்லை. உங்கள் அண்டை வீட்டுக்காரர் உங்களுக்கு ஒன்று போட்டுவிட்டு, சும்மா விடுவானேன் என்று மற்ற இரண்டையும் உங்கள் போட்டியாளர்களுக்குப் போட்டால், நீங்கள் முந்த வேண்டியவர்களின் கணக்கை அவரே ஏற்றிவிடுகிறார். உங்களுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் அந்த ஒரு வாக்கின் பலம் கூடுகிறது. இதற்குப் பேச்சு வழக்கில் 'புல்லட் வோட்டு' என்று பெயர். முழுக்கச் சட்டபூர்வமானது. ஸ்லேட்டில் நிற்பவர் கூட்டாளிகளை விட்டுவிட்டு இதைக் கேட்க முடியாது, சுயேச்சை கேட்கலாம். கேட்கும்போது கொஞ்சம் பக்குவமாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் தன்னலக்காரர் என்ற பெயர் வரும்.

பிரசாரத்துக்கு அக்டோபர் போதும் என்று நினைக்காதீர்கள். அஞ்சல் வாக்குச்சீட்டுகள் தேர்தலுக்கு 45 நாள் முன்பே புறப்பட்டுவிடும். செப்டம்பர் கடைசியிலேயே சமையலறை மேசையில் உட்கார்ந்து சீட்டை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் வயதானவர்கள் நிறைய. அவர்கள் வீட்டில் பள்ளிப் பிள்ளை இருக்காது. வரிக் கவலை இருக்கும். பெற்றோரிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் பெற்றோர் வேட்பாளர் தோற்பது பெரும்பாலும் இந்த வீடுகளில்தான். அதேபோல் "நம்ம ஆள்" என்பதற்காக விழும் வாக்கை நம்பி ஒரு பள்ளி மாவட்டத்தில் ஜெயித்துவிட முடியாது. அந்த வாக்கு உங்கள் பட்டியலில் முதல் பக்கம் மட்டும்தான்.

மறக்கக்கூடாத ஒரு தடை: வேட்பாளர் பிரசாரத் துண்டறிக்கையைப் பள்ளி வளாகத்தில் மாணவர்களிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது. நியூ ஜெர்சிச் சட்டம் இதைத் தனியாகவே குறிப்பிட்டுத் தடுக்கிறது. பிள்ளையின் புத்தகப்பையில் ஐம்பது துண்டறிக்கை வைத்து "ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடு" என்று சொல்லும் ஆசை வரும். வேண்டாம். வரவு செலவுக் கணக்கை மாநிலத் தேர்தல் சட்ட அமலாக்க ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். செலவு மிகக் குறைவென்றால் எதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை ஆணையத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயித்த பிறகு

இனிமேல்தான் விஷயமே. தேர்தல் முடிந்து 30 நாளுக்குள் கைரேகை வைத்துக் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். ஜனவரி முதல் வாரம் நடக்கும் கூட்டத்தில் பதவிப் பிரமாணம். முதலாண்டிலேயே கட்டாயப் பயிற்சி. ஆண்டுதோறும் உங்கள் வருமான மூலங்களையும், மாவட்டத்தில் வேலை பார்க்கும் உறவினர் விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி அதே மாவட்டத்தில் ஆசிரியை என்றால் ஊதிய ஒப்பந்தப் பேச்சு வார்த்தையில் நீங்கள் உட்கார முடியாது.

பதவியேற்றதும் நீங்கள் ஒன்பதில் ஒருவர். தனி ஆளாக உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. போர்டு உறுப்பினர்களுக்கான நியூ ஜெர்சியின் நெறிமுறை விதிகள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றின் சாரம் இது: பள்ளியை நிர்வகிப்பது உறுப்பினரின் வேலை அல்ல, அது நன்றாக நிர்வகிக்கப்படுகிறதா என்று மற்ற உறுப்பினர்களோடு சேர்ந்து பார்ப்பதுதான் வேலை. அதிகாரம் போர்டுக்கு மட்டுமே, ஆகவே தனிப்பட்ட வாக்குறுதி யாருக்கும் தரக்கூடாது. புகார் வந்தால் அதைச் சூப்பரின்டெண்டன்டிடம் அனுப்ப வேண்டும். அங்கே தீரவில்லை என்றால்தான் போர்டு கையிலெடுக்கலாம். தன் சுதந்திரமான முடிவைக் கட்சிக்கோ தனி நலக் குழுவுக்கோ அடகு வைக்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று. அந்த வகையில் பார்த்தால், ஸ்லேட்டில் வந்தவரையும் சட்டம் சுயேச்சையாகத்தான் இருக்கச் சொல்கிறது.

ஓர் உதாரணம். ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். ஆறாம் வகுப்பில் வேகக் கணிதப் பிரிவு, அதாவது அக்செலரேட்டட் மேத், அவளுக்குக் கிடைக்கவில்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைவு. ஆசிரியரிடம் கேட்டார், பிரின்சிபாலிடம் கேட்டார், பதில் திருப்தியாக இல்லை. கோபத்தில் தேர்தலில் நின்றார், ஜெயித்தும்விட்டார்.

ஜனவரியில் அவர் பிரின்சிபாலுக்கு போன் போட்டு "என் மகளை அந்தப் பிரிவுக்கு மாற்றுங்கள்" என்று சொல்ல முடியுமா? முடியாது. தேர்தலுக்கு முன் சாதாரணத் தாயாக இருந்தபோது கேட்டாரே, அதே கேள்வியை இப்போது கேட்டால் அதில் பதவியின் நிழல் விழும். நெறிமுறைப் புகாருக்குக்கூட இடம் உண்டு. தன் பிள்ளைக்காக மற்ற பெற்றோர் போகும் அதே வழியில், அதைவிடக் கூடுதல் கவனத்தோடு போக வேண்டும். பல வீடுகளில் இதற்குப் பிறகு பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதும் வேலை கணவர் கைக்குப் போய்விடுகிறது.

அந்த ஆசிரியரை மாற்றச் சொல்லலாமா? அதுவும் நடக்காது. நியமனம், இடமாற்றம், நீக்கம் எல்லாம் சூப்பரின்டெண்டன்ட் பரிந்துரைத்தால்தான் போர்டு எடுத்துக்கொள்ள முடியும்; பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வாக்கெடுத்து, மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பெரும்பான்மை, அதாவது ஒன்பதில் ஐந்து, கிடைக்க வேண்டும்.

சரி, அப்படியானால் ஏன் ஜெயித்தார்? அவர் கையில் வேறொன்று இருக்கிறது. வேகக் கணிதப் பிரிவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் என்ன, ஒரே தேர்வை வைத்தே முடிவு செய்வது சரியா, மேல்முறையீடு உண்டா, எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் தேர்வாகிறார்கள் என்பதையெல்லாம் பாடத்திட்டக் குழுவில் பொதுக் கேள்வியாகக் கேட்கலாம். சூப்பரின்டெண்டன்டிடம் அறிக்கை கேட்கும்படி போர்டை இணங்க வைக்கலாம். விதியை மாற்ற முன்மொழியலாம். அதற்கு நாலு பேர் சம்மதம் வேண்டும். அந்த நாலு பேரில் இரண்டு பேர் தேர்தலில் அவர் திட்டித் தீர்த்த ஸ்லேட்டைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். மாற்றம் வரும்போது மகள் எட்டாம் வகுப்பில் இருக்கலாம். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது பயன்படும். தன் பிள்ளைக்காக மட்டும் நிற்கிறவர் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்.

கணித வகுப்பு உதாரணம் கற்பனைக்காகப் பிடித்ததல்ல. 2015-இல் நியூ ஜெர்சியின் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தில், மாணவர்களின் மன அழுத்தத்தைக் காரணம் காட்டி, நான்காம் ஐந்தாம் வகுப்புகளின் வேகக் கணிதப் பிரிவை எடுப்பதாகவும் உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளை நிறுத்துவதாகவும் சூப்பரின்டெண்டன்ட் அறிவித்தார். பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆசியப் பெற்றோரில் பலர் ஒரு பக்கம், வெள்ளையர் பலர் மறுபக்கம் என்று அது நாடளவில் செய்தியானது. நம் வீடுகளில் இன்றும் இந்த விவாதம் ஓயவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் போர்டில் உட்கார்ந்திருப்பவர் தன் சமூகத்தின் குரலாக மட்டும் பேசினால் நாலு வாக்கைச் சேர்க்கவே முடியாது.

பெற்றோர் சேர்ந்தால் பெரிதாகவும் நடக்கும். 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று போர்டு உறுப்பினர்களை வாக்காளர்கள் தனி வாக்கெடுப்பில் பதவியிலிருந்து இறக்கினார்கள். பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, 44 பள்ளிகளின் பெயரை மாற்றுவதில் போர்டு நேரம் செலவிட்டதும், லோவல் உயர்நிலைப் பள்ளியின் தகுதி அடிப்படைச் சேர்க்கையை மாற்றியதும் மக்களைக் கோபப்படுத்தின. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு பெற்றோர். ஆனால் ஒருவரை இறக்குவது ஒரு நாள் வேலை. அந்த நாற்காலியில் மாதம் இரண்டு இரவு உட்கார்வது வேறு.

ஆம், இரவுதான். கூட்டம் மாலை ஏழு ஏழரைக்குத் தொடங்கும். பணியாளர், வழக்கு, தனி மாணவர் பற்றிய விஷயங்களுக்கு மூடிய அறைக் கூட்டம் உண்டு. அங்கே பேசியதை வீட்டிலும் சொல்லக்கூடாது. மற்றதெல்லாம் 1975-இன் திறந்த கூட்டச் சட்டப்படி மக்கள் முன்னால் நடக்க வேண்டும். ஐந்து உறுப்பினர்கள் வாட்ஸாப்பில் குழு அமைத்துப் பட்ஜெட்டை முடிவு செய்துவிட்டு, கூட்டத்தில் கை தூக்கினால் அது சட்ட மீறல்.

சமூக ஊடகத்திலும் பார்த்து நடக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் போவே பள்ளி மாவட்டத்தில் இரண்டு போர்டு உறுப்பினர்கள், திரும்பத் திரும்ப விமர்சனம் எழுதிய பெற்றோரை ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் பிளாக் செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இதோடு தொடர்புடைய இன்னொரு வழக்கில் 2024 மார்ச்சில் நீதிமன்றம் ஓர் அளவுகோல் வகுத்தது: அரசுக்காகப் பேசும் அதிகாரம் உள்ளவர், அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திப் பதிவிடும் பக்கத்தில் ஒருவரைத் தடுத்தால், அது பேச்சுரிமை மீறலாகலாம். போவே வழக்கு அந்த அளவுகோலின்படி மறுபடி விசாரிக்கக் கீழே அனுப்பப்பட்டது. குடும்பப் படம் போடும் பக்கம் வேறு, போர்டு விஷயம் எழுதும் பக்கம் வேறு என்று முதல் நாளே பிரித்துவிடுவது நல்லது.

நிற்கலாமா என்று யோசிப்பவர் மனு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஜனவரி முதல் மே வரை நடக்கும் கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள். மார்ச்சில் பட்ஜெட்டின் முதல் வடிவம் வரும், ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில் அதன்மீது பொது விசாரணை நடக்கும். நிகழ்ச்சி நிரல் மாவட்டத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அதில் எத்தனை வரி உங்களுக்குப் புரிகிறது, எத்தனை வரி உங்களுக்கு அக்கறையூட்டுகிறது என்று பாருங்கள். சிற்றுண்டிச்சாலை எண்ணெய் டெண்டரில் தூக்கம் வருகிறதென்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மூன்று ஆண்டு அதுவும் சேர்ந்ததுதான்.

தோற்றால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டே வேறு மூன்று இடங்களுக்குத் தேர்தல் வரும். நடுவில் யாராவது ஊர் மாறி ராஜினாமா செய்தால், மீதி உறுப்பினர்கள் 65 நாளுக்குள் வாக்களித்து ஒருவரை நியமிப்பார்கள். அதற்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வரும். போன நவம்பரில் சில நூறு வாக்கில் தோற்று, அதற்குப் பிறகும் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருப்பவரின் விண்ணப்பத்தை அவர்களால் லேசில் ஒதுக்க முடியாது.